கேள்வி – பதில்: திருகோணமலைக் கடலில் நீலத் திமிங்கிலம்

கேள்வி: வரும் ஜூலையில் குடும்பத்துடன் இலங்கை செல்கிறோம். நீலத் திமிங்கிலம் காண மிரிஸ்ஸ செல்வதா, திருகோணமலை செல்வதா? பறவைகள் வட்டமிடும் இடத்தில்தான் திமிங்கிலம் இருக்கும் என்கிறார்களே, உண்மையா?
– வாசகி, திருச்சி

பதில்: ஜூலை என்றால் திருகோணமலைதான். தென்மேற்குப் பருவக்காற்றினால் தென்கரையிலுள்ள மிரிஸ்ஸவில் அப்போது கடல் கொந்தளிக்கும். அங்கே டிசம்பர் முதல் ஏப்ரல் வரையே உகந்த காலம். கிழக்குக் கடலோ ஜூலையில் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தவிரவும், திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று அமைந்திருப்பதால், ஆழ்நீரில் இரை தேடும் திமிங்கிலங்கள் கரைக்கு வெகு அருகில் வருகின்றன. கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையிலிருந்தே அவை மூச்சு விடுவதைச் சில நாட்களில் பார்த்துவிடலாம். ஆனாலும் எந்த மாதத்திலும் உறுதி கிடையாது.

பறவைகளைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது பாதி உண்மை. ஆலா என்னும் கடற்பறவைகள் கூட்டமாக ஓரிடத்தில் மொய்த்துப் பாய்ந்தால், கீழிருந்து சூரை மீன்கள் சிறு மீன்களை விரட்டுகின்றன என்று பொருள்; அங்கே ஓங்கில்களும் (டால்பின்கள்) இருக்கக்கூடும். நீலத் திமிங்கிலமோ இக்கடலில் நுண்ணிய இறால் வகைகளைப் பெரும்பாலும் ஆழத்திலேயே உண்பதால், அதன் இரையில் ஆலாவுக்குப் பங்கு கிடைப்பதில்லை. ஆகவே திமிங்கிலத்துக்கு அடிவானத்தைப் பாருங்கள்: ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்துக்கு எழும் மூச்சுத் தூவானம் காலை வெயிலில் தொலைவிலிருந்தே தெரியும். வாலை உயர்த்தி மூழ்கிவிட்டால், அது மீண்டும் எழப் பத்து நிமிடத்துக்கு மேலும் ஆகலாம்.

அந்த இடைவேளையைப் பறவைகளுக்குக் கொடுங்கள் என்பேன். வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் என்னும் கரும்பறவை, அலைமேல் கால்களைத் தத்தித் தத்தி வைத்து இரை பொறுக்கும்; வாலடியில் வெண்பட்டை இருக்கும். அண்டார்க்டிகாப் பகுதியில் குஞ்சு பொரித்து, அங்கு குளிர்காலம் வரும்போது வடக்கே வருவதால், ஜூலைப் பயணிகளுக்கே இது வாய்க்கும். பெரும்பாலோர் இதைக் கவனிப்பதே இல்லை.

இன்னும் நெருங்கச் சொல்லிப் படகோட்டியை வற்புறுத்தாதீர்கள். குறைந்தது 100 மீட்டர் விலகி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி. குமட்டல் மாத்திரையைப் படகேறியபின் அல்ல, மருத்துவரைக் கேட்டு முன்னதாகவே போட்டுக்கொள்ளுங்கள்.