திறப்புத் தேதியை இப்போதே சொல்லிவிடாதீர்கள்

அஸ்திவாரம் தோண்டும் நிலையிலேயே உங்கள் கேளிக்கைப் பூங்காவின் புது ரோலர் கோஸ்டரின் திறப்புத் தேதியை அறிவிக்கலாமா, அறிவித்தால் இந்த சீசனில் கூட்டம் குறையுமா என்று கேட்டிருந்தீர்கள்.

தேதி வேண்டவே வேண்டாம், ஆண்டு போதும். அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உள்ள எபிக் யுனிவர்ஸ் கேளிக்கைப் பூங்காவை 2019 ஆகஸ்டில் அறிவித்தார்கள். இடையில் கொரோனா வந்து வேலை நின்றது. திறந்தது 2025 மே 22. சீடர் பாயின்ட் என்ற அமெரிக்கப் பூங்காவின் டாப் திரில் 2 ரோலர் கோஸ்டர் இன்னும் பாவம். 2024 மே மாதம் திறந்து, சில நாட்களிலேயே நின்று, அந்த சீசனில் மறுபடி ஓடவே இல்லை. சோதனை ஓட்டங்கள் முடிந்து பாதுகாப்புச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகு நாளைச் சொல்லுங்கள்.

கூட்டம் குறையும் என்ற பயம் நியாயமானதுதான். “அடுத்த வருஷம் போகலாம்” என்று தள்ளிப்போடுபவர்கள் இருப்பார்கள். அதனால் பெரிய அறிவிப்பை சீசன் முடிவில், அடுத்த ஆண்டு பாஸ் விற்பனையோடு சேர்த்து வையுங்கள்.

அதுவரை வாய்மூடி இருக்கவும் முடியாது. லாரியில் தண்டவாளம் வந்து இறங்கியதுமே வேலிக்கு மேலே கைபேசிகள் நீளும். தண்டவாளத் துண்டு ஒன்றை நீங்களே நுழைவாயிலில் வையுங்கள். குழந்தைகள் அந்த போல்ட்டுகளைத் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம், ஏறுபவர்களுக்கான உயர வரம்பை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாதக்கணக்கில் காத்திருந்த குழந்தையை அளவுகோலருகே திருப்பி அனுப்புவது கொடுமை.