பத்துக்கு நான்கா, ஒன்பதா?

கேள்வி: ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர் நான். வயது 44. தினம் பத்துப் பன்னிரண்டு சிகரெட். மூன்று முறை விட்டுப் பார்த்தேன், ஒன்பது நாள் தாண்டவில்லை. கவுன்சலிங் போகச் சொல்கிறார் மனைவி. கெடுதல் என்பதை இன்னொருவர் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா?
– வாசகர், வாலாஜா

பதில்: கெடுதல் என்று சொல்லி அனுப்புவது கவுன்சலிங்கே இல்லை. காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பதுதான் அங்கே முக்கியமான கேள்வி. அரை மணிக்குள் என்றால் உடம்பு சிகரெட்டில் உள்ள நிகோடினுக்கு நன்றாகப் பழகிவிட்டது. பேச்சோடு மருந்தும் தேவைப்படலாம்.

அடுத்து, ஒரு வாரம் எதையும் குறைக்காதீர்கள். சிகரெட் பாக்கெட்டுக்குள் துண்டுச் சீட்டை மடித்து வையுங்கள். பற்றவைக்கும் முன்பே மணி, இடம், கூட யார், ஆசை பத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். ராத்திரி உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் பாதி மறந்திருக்கும். ‘11.10, கேட் டீக்கடை, நண்பர்களோடு, 4’ என்றால் அது பெரும்பாலும் டீக்கும் பேச்சுக்கும் பிடித்தது. டீயை கேன்டீனுக்கு மாற்றினாலே பலருக்கு அது நின்றுவிடும். ‘5.50, தோட்டம், தனியாக, 9’ என்பது உடம்பு கேட்பது. நிகோடின் சூயிங்கம் அதற்குத்தான். எத்தனை மில்லிகிராம் என்பதை டாக்டர் சொல்லட்டும். இதயக் கோளாறு, அல்சர் இருந்தால் மறைக்காதீர்கள்.

சூயிங்கத்தை மெதுவாக மென்று, சுரீர் என்றதும் கன்னத்தில் ஒதுக்குங்கள். அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள், இப்படி அரை மணி நேரம். மிட்டாய் மாதிரி மென்று விழுங்கினால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். டீ, காபி குடித்த கால் மணிக்குள் போட்டால் மருந்து சரியாக ஏறாது.

சீட்டைப் பார்த்து, இரண்டு வாரத்துக்குள் நிறுத்தும் நாளைக் குறியுங்கள். முதல் வாரம் எரிச்சல் வரும், தூக்கம் கெடும். ஆசை வரும்போது தண்ணீர் குடித்து, ஐந்து நிமிடம் நடந்தால் அந்த அலை அடங்கும்.

உங்கள் ஒன்பதாம் நாளுக்கு வருவோம். ஒன்று பிடித்தீர்கள், ‘போச்சு’ என்று நினைத்தீர்கள், பாக்கெட் வாங்கினீர்கள். அப்படித்தானே? கவிழ்ப்பது அந்த ஒன்று அல்ல, ‘போச்சு’ என்ற நினைப்புதான். அன்றைக்கே ஆலோசகரிடம் பேசிவிட்டால் பாக்கெட் வரை போகாது. திரும்பத் திரும்பப் போய்ப் பேசுவது இதற்காகத்தான். மனைவியும் சட்டையை முகர்ந்து பார்ப்பதை நிறுத்தட்டும். மறைக்க ஆரம்பித்தால் உதவி கேட்க மாட்டீர்கள்.

போனிலேயே கவுன்சலிங் என்றால் 1800-11-2356, இலவச எண், தமிழிலும் பேசலாம்; உங்கள் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கிறது. நேரில் என்றால் வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேளுங்கள். அந்த ஒரு வாரச் சீட்டுகளை மறக்காமல் எடுத்துப்போங்கள்.