627001 பகா எண்ணா?

கேள்வி: அண்ணாச்சி, நம்ம திருநெல்வேலி பின்கோடு 627001-ஐ 67 வரைக்கும் எல்லா பகா எண்களாலும் வகுத்துப் பார்த்துவிட்டேன், மிச்சம் வந்துகொண்டே இருக்கிறது. அப்போ இது பகா எண்தானே?
– பத்தாம் வகுப்பு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: இல்லை தங்கச்சி, இன்னும் ஒரே ஒரு படி போயிருந்தால் பிடிபட்டிருக்கும். 71 × 8831 = 627001. 8831-ஐ 70-ஆல் பெருக்கினால் 618170, அதோடு இன்னொரு 8831-ஐக் கூட்டிப் பார், சரியாக வரும். அப்புறம் அந்த 8831? அது பகா எண்தான். 94-இன் வர்க்கமே 8836 என்று அதைத் தாண்டிவிடுவதால் 93 வரை பார்த்தால் போதும், 67 வரைக்கும் நீயே முடித்துவிட்டதால் மீதி 71, 73, 79, 83, 89 மட்டும்தான், ஐந்திலும் மிச்சம் வருகிறது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பக்கத்து எண். 627000-ஐ உடைத்தால் 2-இன் கனம், 5-இன் கனம், கூடவே 3, 11, 19. மொத்தம் 128 வகுத்திகள். ஒன்றே ஒன்று கூட்டினால் 627001, அதற்கு நாலே நாலு: 1, 71, 8831, 627001. அடுத்தடுத்த எண்களுக்கு 1-ஐத் தவிரப் பொது வகுத்தி கிடையாது, அதனால் அந்த 128-இல் 1 மட்டும்தான் இந்தப் பக்கம் வர முடியும்.

இன்னொன்று, 71-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. அப்படிப்பட்ட பகா எண் காரணிகளில் ஒரே ஒரு தடவை மட்டும் வருவதால் 627001-ஐ இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுதவே முடியாது.