கடவுள் நம்பிக்கை இல்லாத நான் கூட்டுத் தியானத்தில் கலந்துகொள்ளலாமா?

தாராளமாக. மூச்சைக் கவனிக்க மதம் தேவையில்லை. 1979-ல் ஜான் கபாட்-ஸின் என்ற அமெரிக்கர் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய தியானப் பயிற்சி, தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்கானது. வேர் பௌத்தத்தில் இருந்தாலும் சடங்கு எதுவும் கிடையாது. தியான ஆசிரியர் எஸ்.என். கோயங்காவின் மரபில், பேசாமல் இருந்து மூச்சையும் உடல் உணர்வுகளையும் கவனிக்கும் 10 நாள் விபாசனா முகாம்களுக்கும் எந்த மதத்தாரும் போகலாம். கட்டணமில்லை, ஏற்கெனவே பயிற்சியை முடித்தவர்களின் நன்கொடையில் நடக்கின்றன. ஆனால் எடுத்ததும் பத்து நாள் மௌனம் வேண்டாம், அரை மணி நேர அமர்வில் தொடங்குங்கள். மனநலச் சிகிச்சையில் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

கூட்டமாக உட்காருவதில் என்ன பயன்? வீட்டில் தனியாக என்றால் கால் மரத்ததுமே எழுந்துவிடுவோம். அங்கே யாரோ இருமுவார், நமக்கும் முதுகு வலிக்கும். ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் அசையாமல் இருப்பதைப் பார்த்து இன்னும் ஐந்து நிமிடம் இருந்துவிடுவோம். எனக்கு அந்த ஐந்து நிமிடம்தான் முக்கியம். சம்மணம் போட முடியாதா? சரி, நாற்காலி கேளுங்கள், தருவார்கள்.

அப்புறம், குருவை ஏற்கச் சொல்லியோ பணம் கேட்டோ நெருக்கினால், தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள்.