முதல் நாளே சிகாரை வெட்டி வைக்கலாமா?

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறேன். ஜூலையில் எனக்கு அறுபதாம் கல்யாணம். சடங்கெல்லாம் முடிந்த மறுநாள், கல்லூரி நண்பர்கள் எல்லோரும் ஏற்காட்டில் ஒரு எஸ்டேட் பங்களாவில் கூடுகிறோம். துபாயில் இருக்கும் மகன் 25 சிகார் உள்ள பெட்டி ஒன்று வாங்கி வந்திருக்கிறான். அங்கே போய் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு நிற்க வேண்டாமே என்று, முதல் நாள் இரவே வீட்டில் எல்லாவற்றையும் வெட்டி டப்பாவில் அடுக்கி எடுத்துப்போக நினைக்கிறேன். செய்யலாமா? என் அப்பா பிடித்த உறையூர்ச் சுருட்டு இரண்டு முனையும் வெட்டியபடிதான் கடையில் கிடைக்கும். அலமாரியில் கிடந்தும் கெட்டுப்போனதாக நினைவில்லை. இதற்கு மட்டும் ஏன் இத்தனை பக்குவம்?

பதில்: வேண்டாம் ஐயா. பெட்டியை அப்படியே மலைக்குக் கொண்டுபோங்கள். அங்கே கேட்பவருக்குக் கேட்கும்போது வெட்டிக் கொடுங்கள். விருந்து தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது நாலைந்தை வெட்டித் தட்டில் வைத்தாலும் ஒரு குறையும் வராது. முதல் நாள் இரவு, அதுவும் சேலத்தில் வெட்டுவது என்பதுதான் கூடாது.

உங்கள் அப்பாவின் சுருட்டிலிருந்தே தொடங்குகிறேன். பதிலில் பாதி அதிலேயே இருக்கிறது. திருச்சி உறையூரிலும் திண்டுக்கல்லிலும் உருட்டிய சுருட்டு அந்தக் காலத்தில் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போனது. ஆங்கிலத்தில் ‘செரூட்’ என்று வழங்கும் சொல்லே நம் ‘சுருட்டு’தான். அது தலையும் காலும் ஒரே பருமனாக இருக்கும். இலையை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றி ஒட்டி, இரண்டு முனையையும் நறுக்கிவிடுவார்கள். தலைப்பக்கம் மூடி என்று ஒன்று கிடையாது. அதனால் வெட்டியதால் அவிழ்ந்துபோக அதில் எதுவும் இல்லை. மேலிலையும் தடிப்பு. கட்டாகக் கட்டிச் சாதாரண அலமாரியில் வைத்து விற்கிற சரக்கு அது. நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் ஏற்ப நம் ஆட்கள் செய்த பொருள்.

உங்கள் மகன் வாங்கி வந்த சிகாரை எடுத்துப் பாருங்கள். வாயில் வைக்கும் முனை உருண்டையாக மூடியிருக்கும். மேலே சுற்றிய மெல்லிய இலை அங்கேதான் வந்து முடிகிறது. அதன்மேல் அதே இலையில் நறுக்கிய ஒரு வட்டத் துண்டைச் செடிப் பிசினால் ஒட்டியிருப்பார்கள். அந்த மூடிதான் சிகாரின் கட்டு. வேட்டியை இடுப்பில் சுற்றிக் கடைசியில் செருகுகிறோமே, அந்தச் செருகல் மாதிரி. அது நெகிழ்ந்தால் மற்றதெல்லாம் தானாக அவிழும். சரியாக வெட்டும்போது மூடியின் உச்சியில் சுமார் 2 மில்லிமீட்டர்தான் போகும். மிச்ச மூடி ஒரு வளையம்போல் நின்று மேலிலையைப் பிடித்துக்கொள்ளும். அந்த வளையத்தின் விளிம்பு பச்சைப் புண் மாதிரி. காய்ந்தால் சுருங்கி மேலே எழும்பும், ஈரம் குடித்தால் உப்பி வெடிக்கும், எதிலாவது உரசினால் பிய்யும். வெட்டிய கையோடு பற்றவைத்துவிட்டால் இது எதற்கும் நேரமே இருக்காது.

‘நெருப்பு வைக்கிற முனை எப்படியும் திறந்துதானே இருக்கிறது, இன்னொரு முனையும் திறந்தால் என்ன?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. காற்றுப் புகாத டப்பாவில் ஈரப்பதம் சரியாக இருந்தால், ஓர் இரவில் மணமும் ருசியும் பறந்துபோய்விடாது. அப்படிப் பயமுறுத்துகிறவர்கள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறார்கள் என்றே நினைக்கிறேன். சில நாள் போனால்தான் உள்ளிலை தலைப்பக்கமாகவும் காய்ந்து, முதல் இழுப்பிலேயே காரம் ஏறும். ஓர் இரவுக்கு என் பயம் அந்தக் கட்டைப் பற்றியதுதான். பல வருடங்களுக்கு முன் நண்பர் வீட்டு விசேஷத்துக்காக 12 சிகாரை நானே சேலத்தில் வெட்டி, ஜிப் கவரில் போட்டு ஏற்காட்டுக்கு எடுத்துப்போனேன். 20 கொண்டை ஊசி வளைவிலும் அவை ஒன்றோடொன்று உரசிக்கொண்டே வந்திருக்கின்றன. திறந்து பார்த்தால் கவரின் அடியில் இலைத்தூள், ஐந்தில் தலைப்பக்கம் இலை எழும்பி நின்றது. ஆசையாக வாங்கிய பொருளை அப்படிப் பரிமாற வேண்டி வந்தது இன்றைக்கும் மனசை உறுத்துகிறது.

உரசல் ஒரு பக்கம் என்றால் காற்று இன்னொரு பக்கம். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். ஒரு மணி நேரப் பயணத்தில் 1,200 மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறீர்கள். அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், உங்கள் ஜிப் கவரும் அப்படித்தான் உப்பும். அது பெரிய விஷயமில்லை. ஜூலை மாத மலைக்காற்றின் ஈரம்தான் விஷயம். சாரலும் மூடுபனியுமாக இருக்கிற நாளில் ஏற்காட்டு வீடுகளில் உப்பு ஜாடியைத் திறந்து பாருங்கள், உப்பு நீர் விட்டிருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் உப்பு அப்படி நீர்க்கும். சிகாருக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீதம். வெட்டிய முனையைத் தட்டில் திறந்து வைத்தால் அந்த ஈரத்தை அது குடிக்கும். உள்ளிலை உப்பிப் புகைவழி அடைத்துக்கொள்ளும், இழுத்தால் வராது, ஒரு பக்கமாக எரியும், அடிக்கடி அணையும். அதனால் அங்கேயும் மொத்தமாக வெட்டிப் பரப்பி வைக்காதீர்கள்.

இதைவிட முக்கியம், இன்றிலிருந்து ஜூலை வரை பெட்டியை எங்கே வைக்கிறீர்கள் என்பது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சேலத்து வீட்டில் சிகார் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். காற்றுப் புகாத, மூடியில் ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் டப்பா ஒன்று புதிதாக வாங்குங்கள். மசாலா வைத்த பழைய டப்பா வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் வாசனை நிற்கும். சிகார் பெட்டியை அதன் மெல்லிய சீடர் மரத் தகடோடு அப்படியே உள்ளே வையுங்கள். கூடவே ஈரத்தைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிற ஈரப்பதப் பை ஒன்று, 69 சதவீதம் என்று போட்டது. 60 கிராம் பை ஒன்று 25 சிகாருக்குப் போதும். பொவேடா என்ற பெயரில் ஆன்லைனில் கிடைக்கிறது. சிலர் ஈரப்பஞ்சு வைப்பார்கள். நம் ஊர்ச் சூட்டில் அது பூஞ்சணத்துக்கு விருந்து.

டப்பாவுக்குள் ஈரப்பதமானி வைக்கிறீர்கள் என்றால் முதலில் அதைச் சோதித்துவிடுங்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, கரையாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்து ஜிப் கவரில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 71 காட்டினால் உங்கள் மானி நாலு குறைத்துச் சொல்கிறது என்று கணக்கு.

பீரோவில் வைக்காதீர்கள், அந்துருண்டை வாசனையைச் சிகார் அப்படியே உறிஞ்சும். பூஜை அறைப் பக்கமும் வேண்டாம், கற்பூரமும் ஊதுவத்தியும் அதே கதைதான். ஃபிரிட்ஜும் கூடாது. அதன் குளிர்க்காற்று வறண்டது, போதாததற்கு உள்ளே சாம்பாரும் கறிவேப்பிலையும் இருக்கும். வீட்டிலேயே சூடு குறைந்த அறையில், தரையோடு ஒட்டிய அடித்தட்டில் வையுங்கள். வெப்பம் 25 டிகிரிக்கு மேல் நீடித்தால் இலைக்குள் இருக்கிற புகையிலை வண்டின் முட்டை பொரிந்துவிடும் ஆபத்து உண்டு. வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். மேலிலையில் ஊசி குத்திய மாதிரி ஓட்டையும் அடியில் பொடியும் தெரிந்தால் அந்தச் சிகாரை உடனே வெளியே எடுத்துவிட்டு, மீதியை ஜிப் கவரில் இறுக மூடி மூன்று நாள் ஃப்ரீஸரில் வையுங்கள். பிறகு ஒரு நாள் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு, அப்புறம் வெளியே. இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் ஃபிரிட்ஜை ஒத்துக்கொள்கிறேன். கவரை எந்தக் கட்டத்திலும் திறக்கக்கூடாது.

புறப்படும் நாளில் டப்பாவை டிக்கியில் போடாமல் மடியிலோ சீட்டிலோ வைத்துக்கொள்ளுங்கள். பங்களாவுக்குப் போனதும் உடனே திறக்க வேண்டாம். கீழே இருந்த சூட்டோடு வந்த டப்பா, மலைக்குளிருக்குப் பழக இரண்டு மூன்று மணி நேரம் மூடியே இருக்கட்டும்.

இப்போது வெட்டுவது. நீங்கள் நினைக்கிற அளவுக்கு அதில் வேலையில்லை. இரட்டைத் தகடு உள்ள நல்ல கட்டர் ஒன்று இருந்தால் ஒரு சிகாருக்குச் சில நொடிதான். கட்டரை விரித்து மேசைமேல் படுக்க வைத்து, சிகாரின் தலை மேசையைத் தொடும்படி துவாரத்தில் நிறுத்தி, ஒரே அழுத்தாக அழுத்துங்கள். மேசையே அளவு காட்டிவிடும், 2 மில்லிமீட்டருக்கு மேல் போகாது. தலை கூராக இருக்கும் ரகத்துக்கு மட்டும் கையில் பிடித்துக் கொஞ்சமாக வெட்டிப் பார்த்து, இழுப்புப் போதவில்லை என்றால் இன்னும் கொஞ்சம். கத்தரிக்கோல், பிளேடு, அரிவாள்மனை எதுவும் வேண்டாம். நசுக்கிக் கிழித்துவிடும். நேரம் பிடிப்பது பற்றவைப்பதில்தான். மலைக்காற்றில் தீக்குச்சி நிற்காது, மூடுபனியில் தீப்பெட்டியே நமுத்துவிடும். காற்றுக்கு அணையாத கேஸ் ஜெட் லைட்டர் இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் லைட்டரின் வாடை முதல் இழுப்பிலேயே தெரியும்.

முன்கூட்டியே வெட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், துளை போடும் பஞ்ச் கட்டர் வாங்குங்கள். அது மூடியின் நடுவில் ஒரு சிறு வட்டத்தை மட்டும் எடுக்கும், சுற்றிலும் கட்டு அப்படியே நிற்கும். துளை போட்டதை ஒவ்வொன்றாக அதன் கண்ணாடிக் காகித உறைக்குள் திருப்பிப் போட்டு, தலைகள் ஒரே பக்கம் இருக்க, ஆடாமல் நெருக்கமாக அடுக்கி, ஈரப்பதப் பையோடு மூடிவிட்டால் ஓர் இரவு தாங்கும். கை சுத்தமாக இருக்கட்டும், அந்த முனை இன்னொருவர் வாயில் போகப்போகிறது. மேலிலை எழும்பினால் ஃபெவிகால் தொடவே கூடாது. அந்தப் பசையும் சேர்ந்து எரிந்து உள்ளே போகும்.

வெட்டாமல் வையுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்த இன்னொரு காரணம் உங்கள் நண்பர்களின் வயது. பெரிய சிகார் ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட் அளவுக்குப் புகையிலை இருக்கக்கூடும். உள்ளே இழுக்காவிட்டாலும் நிகோடின் வாய் வழியாகவே ரத்தத்தில் ஏறும், வாய்ப் புற்றுநோய் ஆபத்தும் உண்டு. ஸ்டென்ட் வைத்தவர், ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை போடுபவர், எப்போதோ விட்டுவிட்டவர் என்று உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள். வெட்டித் தட்டில் நீட்டினால் மறுப்பது அவர்களுக்குச் சங்கடம். பெட்டி மூடியிருந்தால் விருப்பமுள்ளவர் மட்டும் கேட்டு வாங்குவார். பேரப்பிள்ளைகள் உடன் வந்தால் புகைப்பவர்கள் வராந்தாவுக்குப் போய்விடுவது நல்லது. லேடீஸ் சீட் காட்சிமுனை, ஏரிக்கரைப் பக்கம் கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடத்தில் புகைப்பது குற்றம்.

எப்படியும் பாதிப் பெட்டி மிஞ்சும் என்பது என் கணிப்பு. வெட்டாதவை அதே டப்பாவில் சேலத்துக்குத் திரும்பி, பையை மட்டும் மாற்றினால் மாதக்கணக்கில் இருக்கும். வெட்டி, பற்றவைக்காமல் விட்டவற்றைத் தனி டப்பாவில் போட்டு இரண்டு மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். பாதி பிடித்து அணைத்ததை மட்டும் எக்காரணம் கொண்டும் மற்றவற்றோடு சேர்க்காதீர்கள். சாம்பல் வாடை ஒரே இரவில் டப்பா முழுக்க ஏறிவிடும்.