படிக்கிற பிள்ளைகளுக்கு எதற்குப் பெரிய மேடை?

கேள்வி: நியூயார்க்கில் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது கார்னகி ஹாலுக்குக் கூட்டிப்போனான். இசைக்கல்லூரி மாணவர்களின் ஆர்கெஸ்ட்ரா. செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் 'புதிய உலக' சிம்பொனி வாசித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும், படிக்கிற பிள்ளைகளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய மேடை? படித்துத் தேறிய பிறகு ஏறக் கூடாதா? (நடுவில் நான் கை தட்டிவிட, பக்கத்து சீட்டுக்காரர் முறைத்தார்!)
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: படித்துத் தேறிய பிறகு ஏறினால் போதும் என்றால், எங்கே ஏறித் தேறுவது?

நியூயார்க்கில் பழைய ஜோக் ஒன்று உண்டு. "கார்னகி ஹாலுக்கு எப்படிப் போகணும்?" என்று ஒருவர் வழி கேட்கிறார். "சாதகம் பண்ணு, சாதகம் பண்ணு" என்று பதில் வருகிறது. தனியாக வாசிக்கிற வித்வானுக்கு அது சரி. ஆர்கெஸ்ட்ராக்காரருக்குப் பாதிதான் சரி. பதினாறு வயலின்களில் ஒன்றாக இருப்பதை வீட்டு அறையில் எப்படிச் சாதகம் செய்வது? திருவாரூர்க்காரரான உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டுத் திண்ணையில் யாரும் தேர் இழுத்துப் பழக முடியாது.

இசைத்தாள் வைக்கிற ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு வயலின்காரர்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருப்பீர்கள். பக்கம் புரட்ட வேண்டிய இடம் வந்ததும் உள்பக்கம் இருப்பவர் வில்லை எடுத்துவிட்டுப் புரட்டுவார், வெளிப்பக்கம் இருப்பவர் விடாமல் வாசிப்பார். எல்லா வில்லும் ஒரே நேரத்தில் மேலே போக வேண்டும், ஒரே நேரத்தில் கீழே வர வேண்டும். ட்யூபா என்கிற பெரிய பித்தளை ஊதுவாத்தியம் வாசித்த பிள்ளைக்கு அந்த நாற்பது நிமிஷத்தில் இரண்டாம் பகுதியில் மட்டும் சில ஸ்வரங்கள். சிம்பல் தட்டுக்குக் கடைசிப் பகுதியில் ஒரே ஒரு தட்டு, அதுவும் அடக்கமாக. அந்த ஒன்றுக்காகத் தாளம் எண்ணிக்கொண்டே காத்திருக்க வேண்டும். தப்பினால் தப்பியதுதான், இன்னொரு தட்டு கிடையாது.

இரண்டாம் பகுதியைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். சீவாளி வைத்து ஊதுகிற இங்கிலீஷ் ஹார்னில் அந்தப் பகுதியின் முக்கிய மெட்டு தொடங்கும். முடிவை நெருங்கும்போது தந்தி வாத்தியக் கூட்டம் கலைந்து சில பேர் மட்டும் வாசிப்பார்கள். பாட்டு நடுநடுவே நின்றுபோகும். 2,800 பேர் உட்காருகிற ஹாலில் அந்த நிறுத்தத்தை எவ்வளவு நேரம் தாங்கலாம் என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தர முடியாது. கூட்டத்தின் மூச்சைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் பெரிய மேடை.

'படிக்கிற பிள்ளைகள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த சிம்பொனியே ஒரு காலேஜ் உபயம்தான் தெரியுமா? ஜெனட் தர்பர் என்ற அம்மாள் 1885ல் நியூயார்க்கில் நேஷனல் கன்சர்வேட்டரி என்ற இசைக்கல்லூரியைத் தொடங்கினார். பெண்களையும் கறுப்பின மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். பல இடங்களில் அவர்களுக்குக் கதவு மூடியிருந்த காலம் அது. ஆண்டுக்கு 15,000 டாலர் சம்பளம் பேசி, பிராகிலிருந்து ட்வோர்ஷாக்கை இயக்குநராக வரவழைத்தார். அவர் 1892ல் வந்து சேர்ந்தார், மாணவர் ஆர்கெஸ்ட்ராவைத் தாமே நடத்தினார். அதில் டபுள் பாஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியமும் டிம்பனி முரசும் வாசித்தவர் ஹாரி பர்லி. உதவித்தொகையில் படித்த கறுப்பின இளைஞர். அடிமையாக இருந்த தாத்தாவிடம் கற்ற பாடல்களை ட்வோர்ஷாக்குக்குப் பாடிக்காட்டினார். அமெரிக்க இசை இந்தப் பாடல்களில் இருந்துதான் வளர வேண்டும் என்று ட்வோர்ஷாக் பத்திரிகையில் பகிரங்கமாகவே சொன்னார். அந்தக் காலத்தில் எழுதியதுதான் நீங்கள் கேட்ட சிம்பொனி. பின்னாளில் பர்லியும் பேர் பெற்ற பாடகர், இசையமைப்பாளர். 'படிக்கிற பையன் நமக்கு என்ன சொல்வது' என்று ட்வோர்ஷாக் நினைத்திருந்தால் நஷ்டம் யாருக்கு?

அப்புறம், அந்தக் கைதட்டல். அசடு வழிய வேண்டியதே இல்லை. 1893 டிசம்பரில் அந்த சிம்பொனி முதன்முதலாக அரங்கேறியது அதே கார்னகி ஹாலில்தான், நியூயார்க் ஃபில்ஹார்மானிக் வாசித்தது. இரண்டாம் பகுதி முடிந்ததும் கூட்டம் கை தட்டி, பாக்ஸில் இருந்த ட்வோர்ஷாக் எழுந்து வணங்கும்வரை விடவில்லை. நடுவில் தட்டக் கூடாது என்ற கெடுபிடி பிற்பாடு இறுகியது. மனசு நிறைந்தால் கை தட்டுகிறவர் பக்கம்தான் நான், இதை இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டும் இருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கொடுத்த நிகழ்ச்சித்தாளைப் பத்திரமாக வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். கடைசி வரிசை வயலின்வரை ஒவ்வொரு பிள்ளையின் பெயரும் இருக்கும். நம் சினிமாப் பாட்டில் உயிரைக் கொடுத்து வாசித்த எத்தனையோ வயலின்காரர்கள் பெயர் இசைத்தட்டு உறையில் ஏறவே இல்லை. பெயர் போடுங்கள் என்று நான் எழுதும்போதெல்லாம் 'இடம் இல்லை' என்று பதில் வருகிறது. கதாநாயகன் படத்தைக் கொஞ்சம் சின்னதாகப் போட்டால் இடம் தானாக வரும்.

அடுத்தமுறை மகன் வீட்டுக்குப் போனால், லிங்கன் சென்டர் பக்கம் ஜூலியர்ட் இசைக்கல்லூரி மாணவர்கள் என்ன வாசிக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பல கச்சேரிகளுக்கு டிக்கெட் இல்லை, இருந்தாலும் மலிவு. சீக்கிரம் போய், ட்யூபா தெரிகிற மாதிரி உட்காருங்கள்.