ஒயில் இல்லாத மெஷின்

அன்புள்ள ஐயா,

நான் மட்டக்களப்புப் படுவான்கரையைச் சேர்ந்தவன். எங்கள் சபையின் வாலிபர் ஐக்கியப் பணம் என் பொறுப்பில் இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம் அதில் நாற்பதாயிரம் எடுத்தேன். திருப்பி வைக்க முடியவில்லை. கணக்குப் பார்த்தபோது கொப்பி எழுதிய தம்பி மேல் பழி விழுந்தது. அவன் இப்போது சபைக்கே வருவதில்லை. சத்துரு என் பலவீன நேரத்தில் என்னை வீழ்த்திவிட்டான். ஆண்டவரிடம் அழுது மன்னிப்புக் கேட்டேன். வெள்ளிதோறும் உபவாசமும் இருக்கிறேன். ஆனாலும் இரண்டு வருடமாக ஜெபம் வாயோடு நின்றுவிடுகிறது. ஆவிக்குரிய வாழ்வில் வளர இன்னும் என்ன செய்ய?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

‘எடுத்தேன்’ என்று எழுதிவிட்டீர்கள். அது பெரிய விஷயம். ஆனால் அடுத்த வரியிலேயே பழி தானாக ‘விழுந்தது’, சத்துரு ‘வீழ்த்தினான்’. பழி எப்படித் தம்பி தானாக விழும்? நீங்கள் வாய் திறக்கவில்லை, அதனால் விழுந்தது. ஆதாமும் இப்படித்தான் பேசினான். ‘தேவரீர் தந்த ஸ்திரீ’ என்றான். ஏவாளைச் சாட்டியது போதாதென்று, தந்தவரையும் சேர்த்துச் சாட்டுகிறான் பாருங்கள்.

நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். ஒரு சிறுபோகத்தில் பக்கத்து வளவு மாமாவிடம் தண்ணீர் மெஷின் இரவல் வாங்கினேன். ஒயில் கம்பியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் நுனியில் மட்டும் கறுப்பு, ஒயில் போதாது. பிறகு ஊற்றலாம் என்று ஸ்டார்ட் பண்ணினேன். நடுச்சாமத்தில் கீச்சென்று நின்றது. கயிற்றை இழுத்தால் அசைவே இல்லை. விடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்து, “பழைய மெஷின்தானே மாமா” என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பதினொரு மாதம் அவர் வேலியோரம் போகாமல் சுற்றுப்பாதையால் போய்வந்தேன். அந்த மாதங்களில் இரண்டு ஞாயிறு பிரசங்கமும் செய்தேன். இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கடைசியில் போய்ச் சொன்னபோது, “கம்பியைப் பார்த்த அண்டைக்கே எனக்குத் தெரியும் மனே” என்றார். காசை எண்ணித்தான் வாங்கினார். ஒரு சதம் குறைக்கவில்லை.

அப்பாவுக்காக எடுத்தீர்கள் என்பதை நான் குறைத்துப் பார்க்கவில்லை. கலாத்தியர் 6ஆம் அதிகாரத்தில் ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்கிறார் பவுல். மூன்று வசனம் தள்ளி, ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்கிறார். தமிழில் இரண்டும் பாரம்தான்; கிரேக்கத்தில் வேறு வேறு சொற்கள். அப்பாவின் வைத்தியச் செலவு சபை சேர்ந்து தூக்கவேண்டிய பாரம். நீங்கள் கேட்கவில்லை, அவர்களும் விசாரிக்கவில்லை போலும். ஆனால் அந்தத் தம்பியின் பெயர் கெட்டது உங்கள் தோளில் மட்டும் இருப்பது. உபவாசத்தால் அது இறங்காது.

உங்கள் சபை எதுவென்று தெரியாது. நான் மெதடிஸ்த வீட்டில் வளர்ந்தவன். 1814இல் வில்லியம் ஓல்ட் என்ற மிஷனரி மட்டக்களப்பில் வந்து இறங்கியதிலிருந்து எங்கள் ஊரில் அந்தச் சபை இருக்கிறது. மெதடிஸ்தரின் வகுப்புக் கூட்டம், அதாவது சிறு குழுவாகக் கூடி ஆத்தும நிலையை விசாரிப்பது, தொடங்கியதே ஒரு கடனால்தான். 1742இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கட்டடக் கடனை அடைக்க ஆளுக்கு வாரம் ஒரு பென்னி என்றார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வாங்கவேண்டும். காசு வாங்கப் போனவர்கள் வீட்டுக்குள் நடந்த குடியையும் சண்டையையும் கண்டார்கள். அப்புறம் அந்தச் சுற்றே ஆத்தும விசாரணையாக மாறியது. காசுக் கணக்கு ஆவிக்குரிய விஷயமில்லை என்று யாரும் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

சரி, செய்யவேண்டியது. போதகரிடம் பிறகு போகலாம். முதலில் அந்தத் தம்பி வீட்டுக்குப் போங்கள். நாற்பதாயிரமும் சேரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், கையில் உள்ளதைக் கொண்டுபோங்கள். அவர் ஏசலாம், படலையைத் திறக்காமலும் விடலாம். ‘அப்பாவுக்காகத்தான்’ என்று மட்டும் பேச்சைத் தொடங்காதீர்கள். அவர் எழுதிய கணக்கு சரி என்று சபைக்கு முன்னால் நீங்கள் சொல்லவேண்டும். எந்த ஞாயிறு என்பதை அவரிடமே கேளுங்கள்.